செம்பியைத் தோற்கடிக்க வந்த அக்கா

"சண்டையைப் பத்தி உனக்கு என்னம்மா தெரியும்?" என்று வாசகர் வட்டத் தலைவர் கேட்டிருந்தார். வாளும் மந்திரமும் நிறைந்த ஒரு தொடர்கதையில் யார் மாவீரர் என்று விவாதம். அதில் பேச, கடலுக்கு அக்கரையிலிருந்த ஜார்ஜ் டவுனுக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். முதலில் மேடையேறப் போகிறவளும் நான்தான்.

அந்தக் கதையில் வரும் ஈட்டிக்காரி செம்பிக்காகப் பேசப் போவதை நான் முணுமுணுத்துப் பழகியதை, ஃபெரிப் படகில் எதிரே இருந்த அக்கா கேட்டுவிட்டார். மடியில் ஹெல்மெட். அதன் கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தார்.

"நானும் படிச்சிருக்கேன். அந்தக் கவசக்காரன் கருங்கோன்கிட்ட மோதுனா செம்பி செத்துருவா லா."

"எப்படிக்கா?"

"ஈட்டிய எறிஞ்சிட்டா. அவன் இரும்புக் கவசத்துல பட்டுத் தெறிச்சிருச்சு. கையில ஒண்ணுமில்ல. இப்ப?"

கரை நெருங்கியது. நான் எழுதி வைத்திருந்ததில் இதற்குப் பதிலே இல்லை.

"ஓடுவா. அவ்வளவு இரும்பைச் சுமந்துகிட்டு அவன் எவ்வளவு தூரம் துரத்துவான்?"

"ஓடுறவ மாவீரரா?"

"கடைசியில நிக்கிறவதானேக்கா மாவீரர்?"

அவர் ஹெல்மெட்டை மாட்டிக் கண்ணாடியை இறக்கினார். ஒப்புக்கொண்டாரா, உள்ளே சிரித்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. படகு கரை சேர்ந்ததும் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மேடையேறியதும், எழுதி வைத்திருந்த தாளை மடித்துவிட்டு, "செம்பி ஓடுவாள்" என்றுதான் தொடங்கினேன்.