இடது கையில் எடுத்த அளவு

என் மகள் சுதாவுக்கு முதலில் வந்தது தலைவலி. பிறகு, அடையாறு வீட்டின் மாடிப்படி ஏறினால் கால்கள் கடுத்தன. முப்பத்தோரு வயதுப் பள்ளி ஆசிரியைக்கு இதெல்லாம் வருவதுதான் என்று நான் முடிவுசெய்தேன். நான் டாக்டர் இல்லை. மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தில் சிகிச்சைக் கோப்புகளைச் சரிபார்த்து ஓய்வுபெற்றவன். எல்லாச் சிகிச்சைகளின் பெயரும் தெரியும். ஒன்றும் தெரியாமல் இருப்பதைவிட அது ஆபத்தானது.

கைக்குழந்தையாக இருந்தபோதே அவளுடைய பெருந்தமனியில் (இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்) இருந்த குறுகலை அறுவை சிகிச்சையில் சரிசெய்தார்கள். மறுபடி குறுகினால் ரத்த அழுத்தம் ஏறும் என்று எச்சரித்தார்கள். அதனால் அவள் வளர்ந்த பிறகு தினமும் காலையில் நானே அழுத்தம் பார்த்து நோட்டில் எழுதினேன். அவளுடைய வலது கை இட்லிக்கு, இடது கை எனக்கு. எல்லாமே நல்ல அளவுகள். டாக்டர்கள் நோட்டைப் பாராட்டினார்கள். நாளடைவில் அவர்களிடம் போவதையே விட்டுவிட்டோம். நோட்டு இருந்ததே.

“உங்க மெஷினுக்கு என் மேல தனிப் பிரியம்ப்பா,” என்பாள்.

தலைவலி விடாததால் கடைசியில் போனோம். தேனாம்பேட்டையில் இதய நிபுணர் அவளுடைய தொடையிடுக்கில் விரல் வைத்து நாடியைத் தேடினார். வெகுநேரம் தேடினார். பிறகு வலது கையில் அழுத்தம் பார்த்தார். இருநூறு.

“வீட்டுல எந்தக் கைல பார்ப்பீங்க சார்?”

“இடது.”

நான் லேமினேட் செய்து காத்துவந்த பழைய அறுவை சிகிச்சைக் குறிப்பை என் பக்கம் திருப்பினார். “இடது கைக்குப் போற குழாயை வெட்டித்தான் சார் அப்ப ஒட்டுப் போட்டிருக்காங்க. அந்தக் கைல எப்பவும் கம்மியாத்தான் காட்டும்.”

அந்தச் சிகிச்சையின் பெயரை எழுத்துப் பிசகாமல் சொல்லத் தெரிந்தவன் நான்.

தொடை வழியாகக் கதீட்டரை (மெல்லிய, வளையும் குழாய்) செலுத்தி, அதன் நுனியிலிருந்த பலூனை ஊதி, தழும்பால் இறுகிய இடத்தை விரித்தார்கள். வார்டு ஊழியர் வந்து, “பொண்ணு முழிச்சிக்கினு கீது சார், போய்ப் பாருங்க,” என்றார். அவளுடைய பாதத்தில் விரல் வைத்தேன். துடித்தது. சூடாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“விடுங்கப்பா. வலது கைல பார்த்திருந்தா இட்லி ஆறிப்போயிருக்கும்.”

பதினோராம் நாள் மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. பல வருட அழுத்தத்தில் நைந்த குழாய் என்றார்கள். பலூன் விரித்தது இதயத்துக்குப் பக்கத்தில். கடந்துபோன வருடங்களை அதால் ஒன்றும் செய்ய முடியாது. அன்று மாலையே போய்விட்டாள்.

இப்படியொரு பிள்ளையை வைத்திருப்பவர்களுக்கு: இரண்டு கைகளிலும் பாருங்கள், காலிலும் பாருங்கள். அளவு நன்றாக இருக்கிறதென்று டாக்டரிடம் போவதை நிறுத்தாதீர்கள்.

அந்த இடது மணிக்கட்டை எத்தனையோ காலைகள் பிடித்திருக்கிறேன். நாடி எவ்வளவு மெலிந்திருந்தது என்று விரலால் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. மெஷின்தான் பார்த்துக்கொண்டிருந்ததே.

இப்போது யார் கையைத் தொட்டாலும் என் விரல் தானாக நாடிக்குப் போகிறது. ஒரு நிமிடம் எவ்வளவு நீளமானது என்று எழுபது வயதில் தெரிந்துகொண்டிருக்கிறேன். என் மனைவி அந்த நோட்டைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் காபி கொடுக்கும்போது அவள் மணிக்கட்டைப் பிடிக்கிறேன். கையை இழுத்துக்கொள்வதில்லை. நான் எண்ணி முடித்ததும், மற்றக் கையை நீட்டுகிறாள்.