ஜாஹிராவுக்குச் சுட்ட முதல் ரொட்டி

பரீது துருக்கியை மேப்பில்கூடப் பார்த்தவரில்லை. சவூதியில், தம்மாமில் ஒரு துருக்கிக்காரர் ஹோட்டலில் பாதி ஆயுசைத் தொலைத்தவர், அவ்வளவுதான். அங்கே கற்றது கோஸ்லெமே. மாவை அப்பளம்போலத் தேய்த்து, கீரையும் வெண்ணிறப் பாலாடைக்கட்டியும் உள்ளே வைத்து மடித்து, கல்லில் வாட்டி எடுக்கும் ரொட்டி. “ஊருக்கு வந்ததும் முதல் ரொட்டி உனக்குத்தான்” என்று மனைவி ஜாஹிரா பீவியிடம் போனில் சொல்லிச் சொல்லியே வருசங்களை ஓட்டினார்.

ஒருவழியாகத் தென்காசிக்கு வந்து, குற்றாலம் ஐந்தருவியில் கடை போடத் தள்ளுவண்டியும் வாங்கினார். பாழாய்ப்போன நேரம், அந்த மாசமே ஜாஹிராவுக்குத் தொண்டையில் கட்டி. ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு கொடுத்தார்கள், ஊர்ப்பேச்சில் கரண்ட். கட்டி கரைந்தது, கூடவே நாக்கின் ருசியும் போயிற்று. “வரலாம், வராமலும் போகலாம்” என்றார் டாக்டர்.

“நீ ருசிச்சுத் தின்ன பிறகுதான் கடை” என்று பரீது அடம்பிடித்தார். சாரல் தொடங்கி, குற்றாலத்தில் கூட்டம் அலைமோதியும் வண்டி தார்ப்பாய்க்குள்ளேயே கிடந்தது. மனுசனுக்கு அப்படியொரு வீம்பு.

போன வெள்ளிக்கிழமை ஜாஹிராவே வந்து சொன்னாள். “என்னங்க, ருசி வந்துட்டு. உங்க ரொட்டியச் சுடுங்க.”

பரீதுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கடைக்கு ஓடிக் கீரையும், அந்தப் பாலாடைக்கட்டிக்குப் பதிலாகப் பன்னீரும் வாங்கி வந்து, மாவு பிசைந்து சுட்டார். ஜாஹிரா ஒன்றை முழுசாகத் தின்றாள்.

“எப்படிட்டி இருக்கு?”

“உப்பு, உறைப்பு எல்லாம் கணக்கா இருக்கு. நாளைக்கே வண்டிய எடுங்க. சாரல் போயிட்டா யாரு வாங்குவா?”

அவள் கை கழுவப் போனாள். பரீது அடுத்த ரொட்டியை ஆசையாய்ப் பிய்த்து வாயில் போட்டார். சப்பென்று இருந்தது. தம்மாமில் அந்தப் பாலாடைக்கட்டி உப்புத் தண்ணீரில் ஊறி வரும், கீரைக்குத் தனியாக உப்புப் போடுவதில்லை. பழகிய கை இங்கேயும் போடவில்லை. இந்தப் பன்னீரில் உப்பு ஏது?

அவளுக்கு ருசி வரவேயில்லை, தனக்காகத்தான் பொய் சொல்லியிருக்கிறாள் என்று புரிந்தது.

“அஃப்ரினுக்கு ரெண்டு எடுத்து வைங்க. காலேஜ் விட்டு வந்திருவா” என்றாள் உள்ளிருந்து.

மகள் ஒரு வாய் வைத்தால் போதும், உப்பே இல்லையென்று அம்மா முன்னாலேயே பட்டென்று சொல்லிவிடுவாள்.

“பிள்ளைக்கு வேற சுடுதேன். எனக்குப் பசிக்கி” என்று சொல்லிவிட்டு, இருந்த ரொட்டி அத்தனையையும் நின்றபடியே தின்று தீர்த்தார். வாசலில் அஃப்ரின் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டபோது, கடைசித் துண்டை மென்றுகொண்டே அழுதார்.