மாயழகு மாற்றிய ரூபாய்

உடப்புசல்லாவைத் தோட்டத்துத் தேயிலை ஆலையில் வேலை பார்த்த மாயழகு எதிலும் முந்திக்கொள்கிற ஆள். 1949-இல் இலங்கை ரூபாயின் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள் என்று தோட்ட ஆபீஸ் கிளாக்கர் ஐயா பேப்பரைப் பார்த்துச் சொன்னதும், இந்தியாவிலிருந்து வந்திருந்த புடவை வியாபாரியைத் தேடிப்பிடித்தார். கமிஷன் கொடுத்து, சேமிப்பு முழுவதையும் இந்திய ரூபாயாக மாற்றிக்கொண்டார்.

“நம்ம காசு தப்பிச்சிருச்சுங்க” என்றார்.

கிளாக்கர் சிரித்துவிட்டார். “டாலருக்கு எதிரா இங்கிலீஷ்காரன் பவுண்டோட மதிப்ப எறக்குனான், மாயழகு. நம்ம ரூபா, இந்திய ரூபா ரெண்டையும் அதோடதான் கட்டிப்போட்டிருக்கு. ரெண்டும் ஒரே அளவுதான் எறங்கியிருக்கு. கமிஷன்தான் ஒனக்கு நட்டம்.”

மாயழகு அசரவில்லை.

“இருக்கட்டுங்க. போன வருசம் இந்த நாட்டுக் குடியுரிமை கெடையாதுன்னு சட்டம் போட்டு என்னைய இந்தியாக்காரன்னாங்க. என் காசு மட்டும் எதுக்குங்க இலங்கைக் காசா இருக்கணும்?”