பெரியப்பாவின் கால்தடம்

காலையில் எழுந்ததும் என் உள்ளங்கால்களைத்தான் முதலில் பார்க்கிறேன். காலை மடக்கிப் பார்க்க முடியாததால் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன்மேல் ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பிடிப்பேன். விரலிடுக்கு, குதிகால், பெருவிரலின் அடிப்பக்கம். பிறகு வெள்ளைத் துணியால் ஒற்றி, துணியில் கறை ஏதும் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பேன். எனக்குச் சர்க்கரை வியாதி வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. ஒரு நாளும் இதை விட்டதில்லை.

"எண்ணிப் பாத்துட்டீங்களா மாமா? பத்து வெரலும் இருக்குதுங்களா?" என்று சமையல்கட்டிலிருந்து மருமகள் கேட்பாள். அவளுக்கு இது வேடிக்கை. அவள் என் பெரியப்பாவைப் பார்த்ததில்லை.

பெரியப்பாவுக்கும் இதே வியாதிதான். எனக்கு அப்போது ஒன்பது வயது. பாலக்காட்டுப் பக்கம், சித்தூருக்குக் கிழக்கே எங்கள் ஊரில் அதைச் 'சக்கரை' என்பார்கள். பெயரைக் கேட்டால் யாருக்கும் பயம் வராது. பெரியப்பாவுக்கும் வரவில்லை. பாலக்காட்டு டாக்டர் மாத்திரை கொடுத்து, தினமும் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருந்தார். வீணாக எதற்கு நடப்பது என்று, பெரியப்பா தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து வருவதாக நேர்ந்துகொண்டார். வேண்டுதல் என்பதால் செருப்பில்லை. விரதம் என்பதால் மாத்திரையும் இல்லை.

"ஊட்டச் சுத்தி நடங்கன்னுதானுங்க டாக்டர் சொன்னாரு. பழனி வரைக்குமா சொன்னாரு?" என்று கேட்டாள் பெரியம்மா.

"அவரு பீசு வாங்கற டாக்டரு புள்ளே. நான் பீசு வாங்காத வைத்தியரப் பாக்கப் போறேன்" என்றார் பெரியப்பா.

பெரியப்பா, அப்பா, பங்காளி வீட்டார் சிலர், அரிசியும் பாத்திரமும் ஏற்றிய ஒரு மாட்டுவண்டி. நான் கால் வலித்தால் வண்டியில் ஏறிக்கொள்ளலாம். சாயங்காலம் தங்கும் இடத்தில் எல்லோரும் காலை நீட்டி, விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு, தங்கள் கொப்புளங்களைக் கணக்குச் சொல்வார்கள். பெரியப்பா மட்டும் எண்ணெய் கேட்கவில்லை. வலி இல்லாதவர் தன் காலைப் பார்ப்பானேன்?

மூன்றாம் நாள் உடுமலையைத் தாண்டி, தார் ரோட்டின் ஓரமாக மண்ணில் நடந்துகொண்டிருந்தோம். நான் பெரியப்பாவின் பின்னால், அவருடைய கால்தடங்களில் தாவித் தாவிக் கால் வைத்து, எண்ணிக்கொண்டு வந்தேன். முந்நூறைத் தாண்டியபோது ஒரு தடம் ஈரமாக இருந்தது. வெற்றிலை எச்சில் என்று நினைத்தேன். இடது தடம் காய்ந்திருந்தது. அடுத்த வலது தடமும் ஈரம். அதற்கடுத்ததும். எண்ணுவதை நிறுத்திவிட்டேன். ஓடிப்போய் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

"உங்க கால்ல ரத்தமுங்க, பெரியப்பா!"

புளியமரத்தடியில் அவரை உட்கார வைத்து அப்பா காலைத் தூக்கிப் பார்த்தார். பெருவிரலுக்குக் கீழே பச்சை நிறத்தில் சோடா பாட்டில் கண்ணாடித் துண்டு. எப்போது ஏறியதோ. அப்பா அதைப் பிடுங்கும்போது, பெரியப்பா அலறப்போகிறார் என்று நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். சத்தமே வரவில்லை. திறந்து பார்த்தால் அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நோகலீங்களாண்ணா?" அப்பா கேட்டார்.

"எறும்பு கடிச்சாப்பல கூட இல்லடா."

"நமக்கெல்லாம் கொப்புளத்துக்கே உசுரு போவுது. அண்ணனுக்குக் கண்ணாடி ஏறியும் நோவு தெரியலீங்களே! முருகனே தாங்கறாரு!" என்றார் பங்காளி ஒருவர். ஒரு அத்தை அந்தக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அரோகரா என்று எல்லோரும் சொன்னார்கள். அப்பா மஞ்சளை அப்பித் துணியால் கட்டினார்.

அந்தக் கால் ஆறவே இல்லை. ஆடி மாதம் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். சர்க்கரை வியாதி காலின் உணர்ச்சியை எப்போதோ தின்றுவிட்டது என்று அங்கேதான் சொன்னார்கள். அடுத்த தைப்பூசத்துக்குப் பெரியப்பா இல்லை. இன்று என் காலில் முள் குத்திச் சுரீரென்றால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது. மாதாமாதம் டாக்டர் என் பாதத்தை மெல்லிய நூலால் தொட்டு "தெரியுதா?" என்று கேட்கும்போது, தெரிவதற்கு முன்பே தெரிகிறது என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

ஆனால் அன்று புளியமரத்தடியில் எனக்கு இருந்த பயம் வேறு. அவ்வளவு ரத்தம் போனால் செத்துப்போவார் என்று நினைத்துத் தேம்பித் தேம்பி அழுதேன். பெரியப்பா எழுந்து, என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டார்.

"எனக்கே நோகல. நீ எதுக்குக் கண்ணு அழுவறே?"

நோகவில்லை என்று அவர் சொன்னதும் எனக்குப் பயம் போய்விட்டது. அவர் நடந்தார். தோளிலிருந்தபடி எல்லோரையும்விட உரக்க நான் அரோகரா சொன்னேன். என் பாரமும் சேர்ந்து அழுத்தியதில் கீழே அந்தக் கட்டுத்துணி நனைந்துகொண்டே வந்திருக்கிறது. எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.