அண்ணியின் ஓட்டம்

அண்ணி என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, ஆவடியில் அவள் பஸ்ஸுக்கு ஓடிவந்த ஒரு காலைதான். நான் முன்னாலேயே ஏறிவிட்டேன். பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், இடுப்பில் மகள், தோளில் சாப்பாட்டுப் பை, ஒரு கையில் தூக்கிப் பிடித்த புடவைக் கொசுவம் என்று அண்ணி ஓடி வருகிறாள். குழந்தை இருந்த பக்கம் உடம்பு சாய்ந்திருந்தது. அடிகள் சின்னச் சின்னதாக, கனமாக விழுந்தன. பார்வை மட்டும் பஸ்ஸின் படிக்கட்டை விட்டு நகரவில்லை. "இன்னாமா, புள்ளய வச்சிகினு இப்டி ஓடியாறே!" என்று கண்டக்டர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். பதில் சொல்ல மூச்சில்லாமல் அண்ணி சிரித்தாள்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் கேம் தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் அனிமேஷன் வேலை பார்க்கிறேன். அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்தது துப்பாக்கி விளையாட்டு. அதில் ஆடுகிறவரின் கண்தான் சிப்பாயின் கண். தன் உடம்பு தனக்குத் தெரியாது. முன்னால் நீட்டிய துப்பாக்கியும் திரையின் குலுங்கலும் மூச்சுச் சத்தமும்தான் ஓடுகிறோம் என்ற உணர்வைத் தரவேண்டும். கூட ஆடுகிறவர்கள் ஓடுவதை மட்டும் முழு உருவமாகப் பார்க்கலாம். பெரும்பாலான விளையாட்டுகளில் அந்தச் சிப்பாய்கள் முதுகில் மூட்டையோடு பந்தய வீரர்களைப் போலப் பறப்பார்கள், எவ்வளவு ஓடினாலும் களைக்கமாட்டார்கள். எங்கள் டீம் லீடருக்கு அது பிடிக்கவில்லை. "நம்ம ஆளு மனுஷன் மாதிரி ஓடணும்" என்றார். ஓட்டத்தின் அசைவைப் பதிவு செய்ய வரவழைத்த ஜிம் பயிற்சியாளர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சினிமா ஹீரோ மாதிரி ஓடினார். அப்போதுதான் எனக்கு அண்ணியின் நினைவு வந்தது. ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்து, பள்ளியில் ரிலே ஓடியவள் அவள்.

கேட்டதும் மறுத்தாள். "போடி, நான் ஓடறத எவன் பாப்பான்?" என்றாள். இரண்டு நாள் கழித்து அவளாகவே, "சுடிதார் போட்டுக்கலாம்ல?" என்று கேட்டாள். அண்ணனிடம் ஆபீஸ் வேலை ஒன்று என்று மட்டும் சொல்லிவைத்தோம். பருத்திப்பட்டு ஏரிக்கரை நடைபாதையில், விடிந்து சற்று நேரத்தில், அவள் கைகால்களில் அசைவைப் பதிவு செய்யும் சென்சார் பட்டைகளைக் கட்டினோம். முதுகுப் பையில் அரிசி மூட்டை, கையில் மரத்துப்பாக்கி, கழுத்தருகே மூச்சைப் பதிவு செய்ய ஒரு சின்ன மைக். நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் நின்று, "இன்னாமா, சண்டைக்கா போறே?" என்று கேட்டார். அண்ணி கூசிப்போய் என் பின்னால் ஒதுங்கினாள். ஆனால் ஓடத் தொடங்கியதும் அந்தக் கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை. திரும்பி வந்து முழங்காலைப் பிடித்துக் குனிந்து மூச்சு வாங்கியவள், முகமெல்லாம் சிவந்து நிமிர்ந்து, "இன்னொரு வாட்டி ஓடட்டுமா?" என்றாள். அவள் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. வீட்டில் தனக்கென்று எதையும் இன்னொரு வாட்டி அவள் கேட்டதே இல்லை.

சோதனைப் பதிப்பு வெளியானதும் திட்டுகள் வந்து குவிந்தன. ஓட்டம் மாட்டு வண்டி மாதிரி இருக்கிறது என்றார்கள். புள்ளத்தாச்சி ஓடுகிற மாதிரி ஓடுகிறான் என்று எழுதிய ஒருவனுக்கு ஏகப்பட்ட பாராட்டு. மூச்சுச் சத்தத்தை மட்டும் வெட்டியெடுத்து, ஆபாசமான பாட்டோடு ஒட்டி யாரோ ஒரு வீடியோ செய்தார்கள். அதுதான் எல்லோருடைய போனுக்கும் போனது.

அண்ணன் போனுக்கும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவன் வீடியோவைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்து, "இதக் கேளேன்" என்று சத்தத்தைக் கூட்டி வைத்தான். முதல் மூச்சிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அண்ணிக்கும் தெரிந்துவிட்டது. துணி மடித்துக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது.

"அது நான்தான்" என்றாள்.

அவனுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் என் பக்கம் திரும்பி, "ஊர்ல கண்டவன்லாம் என் பொண்டாட்டி மூச்சக் கேட்டு சிரிக்கிறான். இதுக்குத்தான் கூட்டிகினு போனியா?" என்று கத்தினான்.

அண்ணிதான் பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை. "ஊர்ல எவன் சிரிச்சான்னு எனக்குத் தெரியாது. நீங்க சிரிச்சதத்தான் நான் பாத்தேன்."

அண்ணன் போனைக் கவிழ்த்து வைத்தான். அதன்பிறகு அன்று முழுக்க எங்கள் வீட்டில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த வாரமே ஆபீஸில் உத்தரவு வந்தது. வேகத்தைக் கூட்டு, மூச்சை எடுத்துவிடு. மனுஷன் மாதிரி ஓடணும் என்ற அதே லீடர் மானிட்டரைப் பார்த்தபடியே அதைச் சொன்னார். நானும் செய்தேன். பெரிய வேலையொன்றும் இல்லை, ஓர் எண்ணை மாற்றினால் போதும். சிப்பாயின் கால்கள் தரையில் ஊன்றாமல் வழுக்கின. அண்ணி கேட்டாள் என்பதற்காகக் கடைசியில் லேப்டாப்பில் அதைக் காட்டினேன். நன்றாக உற்றுப் பார்த்தாள். "நான் இப்படி ஓடியிருந்தா எங்கயோ போயிருப்பேன்ல?" என்றாள். கேலியாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் முகம் எரிந்தது. லேப்டாப்பை மூடினேன். இப்போது அந்த விளையாட்டை ஆடுகிறவர்கள், ஓட்டம் வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்று எழுதுகிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் யாரோ என்னைக் கையும் களவுமாகப் பிடித்ததுபோல் கூசிப்போகிறேன்.

இந்தப் பொங்கலுக்கு எங்கள் தெருவில் போட்டிகள் வைத்தார்கள். பெண்களுக்கான ஓட்டத்துக்கு அண்ணி யாரிடமும் சொல்லாமல் பெயர் கொடுத்திருந்தாள். மைக்கில் பெயரைக் கூப்பிட்டபோதுதான் எங்களுக்குத் தெரியும். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் செருப்பைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டுப் போய்க் கோட்டில் நின்றாள். முதலிடமெல்லாம் இல்லை, பின்னால்தான் வந்தாள். வந்ததும் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து, வாயைத் திறந்து, தெருவுக்கே கேட்கும்படி மூச்சு வாங்கினாள். பக்கத்து வீட்டு அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து முதுகைத் தடவிவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணனும் நானும் மட்டும்தான் அங்கே தலை குனிந்து நின்றோம்.