சூக்கில் தொங்கிய சூரிச் பட்டென்ட்

பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில், அதே அளவுச் சட்டத்துக்குள், சந்தனப் பொட்டு வைத்துத் தொங்கிய ஒரு ஃபோட்டோ கொப்பி இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அது என் அத்தானின் பட்டென்ட். சாப்பாட்டுக்கடை நடத்தலாம் என்று சுவிஸில் சூரிச் மாநிலம் பரீட்சை வைத்துக் கொடுத்த உரிமப் பத்திரம். அசல், சூரிச் ஓர்லிகோனில் அவருடைய கடைச் சுவரில் இருந்தது. நகலை, சூக்கில் புதிதாகத் திறக்கவிருந்த கடையில் மாட்டியிருந்தார்கள். சூரிச்சும் சூக்கும் வேறு வேறு மாநிலங்கள் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஒரு மாநிலத்தின் பட்டென்ட் அடுத்த மாநிலத்தில் வெறும் கடதாசி என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அத்தான் எங்களுக்கெல்லாம் முன்பே, எழுபதுகளில் இங்கே வந்தவர். தன் மனைவியான என் அக்காவை இங்கே கூப்பிடுவதற்கு அலைந்து திரிந்தார். அலுவல் இழுபட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் ஊரில் காய்ச்சலில் போய்விட்டாள். பிறகு திறந்த கடைக்கு அவளுடைய பெயரையே வைத்தார். அந்தப் பெயருக்கு ஒரு குறை வரக்கூடாது என்று அவர் படுத்திய பாடு இருக்கிறதே, அப்பப்பா! சுருட்டிப் பொரிக்கிற ரோல்ஸ் கொஞ்சம் கோணினாலும் போதும், குசினியில் நின்ற எனக்கு ஏச்சு விழும். நானும் வாயை மூடிக்கொண்டிருக்கிற ஆள் இல்லை. "கோணினா என்ன அத்தான், வயித்துக்குள்ள போய் நிமிரும்" என்பேன்.

சூக் அண்ணை என்று நாங்கள் கூப்பிட்டவர் அங்கே ஒரு விடுதியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். ஞாயிறு தவறாமல் ரயில் ஏறி எங்களிடம் சாப்பிட வருவார். அதே பெயரில், அதே கறித்தூளில், அதே ருசியில் சூக்கிலும் ஒரு கடை போடலாமோ என்று அவர் கேட்டதும் அத்தானுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. ஒப்பந்தமா? எங்கள் ஆட்களுக்குள் அப்படிக் கேட்டாலே மரியாதைக் குறைவு. "வேலையை விட்டிட்டு வாரும், மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார். சூக் அண்ணையும் நம்பி வேலையை விட்டார். அவருடைய வதிவிட அனுமதி வேலையோடு ஒட்டியது. கடை திறக்காவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் அனுமதி இல்லை. அனுமதி போனால், யாழ்ப்பாணத்தில் காத்திருந்த அவருடைய மனைவி வரவே முடியாது.

திறப்புக்கு முந்திய கிழமை சூக் மாநில உரிம அதிகாரி வந்தார். நல்ல மனிதர், தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். சுவரிலிருந்த இரண்டு படங்களையும் பார்த்து, இதில் பொறுப்பாளர் யார் என்று கேட்டார். பதறிப்போன சூக் அண்ணை இரண்டையும் காட்டினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அதிகாரி சொன்னதை மொழிபெயர்க்கத் தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. பெயரையும் தூளையும் செய்முறையையும் யாருக்கும் கொடுக்கலாம், அது உங்கள் விருப்பம். பொறுப்பை மட்டும் இரவல் கொடுக்க முடியாது. சூக்கில் பட்டென்ட் எடுத்தவர் சூக் கடையிலேயே நாளாந்தம் நிற்கவேண்டும்.

"ஒரே நாடு, ஒரே காசு. பட்டென்ட் மட்டும் ரெண்டோ?" என்று அத்தான் துள்ளினார். சூக் அண்ணை கதிரையில் இருந்தவர் எழும்பவே இல்லை.

சூக் அண்ணையின் பழைய விடுதி முதலாளியம்மாதான் வழி காட்டினார். விடுதியை மகனிடம் விட்டுவிட்டு வீட்டில் இருந்த சுவிஸ்காரி. கையில் சூக் பட்டென்ட் இருந்தது. சூக் அண்ணை தானே பரீட்சை எழுதித் தேறும்வரை கடையில் வந்து நிற்கிறேன் என்றார். ஆனால் பெயரைப் பாவிக்கும் உரிமையை அத்தான் எழுத்தில் தரவேண்டும், குசினியில் தன் சொல்தான் நடக்கும், ஓர்லிகோனிலிருந்து யாரும் வந்து அதட்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

"அப்ப அவளின்ர பேர் உள்ளுக்க போகும், நான் வெளியில நிக்கிறதோ?" என்றார் அத்தான். அவள் என்றது அக்காவை; குரலில் கோபமில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா வந்து சேரேல்லை எண்டு நீங்கள் பட்டது காணாதோ அத்தான்? இந்த மனிசன்ர பெண்சாதியும் வராமப் போகட்டோ?"

அவர் பேனையைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

திறப்பு நாளன்று பழக்கதோஷத்தில் குசினிக்குள் நுழையப் போனவரை முதலாளியம்மா வாசலில் மறித்து, மேசைக்கு முன்னால் இருத்தி, தன் கையாலேயே ரோல்ஸ் கொண்டுவந்து வைத்தார். அத்தான் தின்று முடித்து, "நல்லாயிருக்கு" என்றார். என் ரோல்ஸுக்கு ஒருநாளும் கிடைக்காத வார்த்தை! அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் ஏறியவர் அவர்தான்.

இப்போது எங்கள் ஆட்களின் பிள்ளைகள் வக்கீலை வைத்து, தடித்த ஒப்பந்தம் எழுதி, ஊருக்கு ஊர் கிளை போடுகிறார்கள். புத்திசாலிகள். ஓர்லிகோன் கடையும் இல்லை, அத்தானும் இல்லை. அவரை நினைக்கும்போது அந்தச் சூக் மேசைதான் ஞாபகம் வருகிறது. சூக் அண்ணையின் மனைவி வந்து சேர்ந்து, அவரும் பரீட்சையில் தேறி, தன் பெயரிலேயே பட்டென்ட் எடுத்த பிறகு ஒருநாள் அவரும் அத்தானும் நானும் அதைச் சுற்றி இருந்தோம்.

"இனி உம்மட பேரைப் பலகையில போடும். சட்டப்படி எல்லாம் உம்மடதுதானே" என்றார் அத்தான்.

சூக் அண்ணை தேத்தண்ணியை அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

"ஓம் அண்ணை, போடலாம். அக்கான்ர பேரைக் கழட்டினா, ஞாயிற்றுக்கிழமையில நீங்கள் ஆரைப் பாக்க வருவியள்?"