பியானோ என்றால் மெதுவாக

திண்டிவனத்தில் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவின் அலமாரியைத் திறந்தாலே பாச்சை உருண்டையின் நெடி மூக்கில் ஏறும். உள்ளே கிடந்த ஜெராக்ஸ் பாட்டுத்தாள்களில் பொடியாக அச்சாகியிருந்த இத்தாலியச் சொற்களுக்குப் பக்கத்தில் அக்கா பென்சிலால் தமிழில் பொருள் எழுதிவைப்பாள்: ‘பியானோ’ என்றால் மெதுவாக, ‘ஃபோர்ட்டே’ என்றால் உரக்க, ‘அல்லெக்ரோ’ என்றால் விறுவிறுப்பாக. புதுச்சேரிக்குப் போய் கீபோர்டு கற்றுவந்த அவள்தான் குழுவை நடத்தினாள். அந்தச் சொற்களும் அவளோடு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன. பள்ளிக்குக் கிளம்ப நேரமானால், “அல்லெக்ரோ, ஜல்தி!” என்று அம்மா விரட்டுவாள். பெருக்கல் வாய்ப்பாட்டில் நான் தடுக்கினால் அக்கா, ‘டா கபோ’ என்பாள்; முதலிலிருந்து வா என்று பொருள், என் உயிரை வாங்கிய சொல் அது.

ஆனால் அதிகம் புழங்கியது ‘பியானோ’தான். லாரி ஓட்டிய அப்பாவுக்கு மெதுவாகப் பேசவே வராது. விழுப்புரத்து மாமாவோடு அவர் பேசும்போது, இதற்குப் போன் எதற்கு என்று தோன்றும்.

“பியானோங்க, பியானோ! தெருவே கேக்குது” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

குழுவில் அடிக்குரல் அவருடையது. பாட்டின் கடைசிச் சுரத்தின் மேல் கண் போல ஒரு குறி இருக்கும், ‘ஃபெர்மாட்டா’. நடத்துகிறவர் கையை இறக்கும்வரை அந்தச் சுரத்தை விடக் கூடாது. அப்பாவோ அக்கா கையை இறக்கிய பிறகும் இழுத்துக்கொண்டே இருப்பார். அவள் முறைத்தால், “இத்தாலிக்காரன் வுடாதன்னுதானம்மா எழுதி வச்சிருக்கான், என்னை ஏன் மொறச்சிக்கினு இருக்க?” என்பார்.

நான் எட்டாவது படித்தபோது அப்பாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, மாதக்கணக்கில் சரியாகவில்லை. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

“ஞாயித்துக்கெழம கோயில்ல பாடிட்டு வர்றேங்க டாக்டர்” என்றார் அப்பா. வேறொன்றும் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு, கரகரத்த குரலில் எல்லோரோடும் சேர்ந்து பாடினார். கடைசிச் சுரம் வந்தது. அக்கா தூக்கிய கையை இறக்கவில்லை. மூச்சு முட்டி ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அப்பா மட்டும் கிழிந்த குரலில் இழுத்துக்கொண்டிருந்தார். கையை இறக்கினால் அந்தக் குரல் அதோடு முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். ஐயோ, எந்த மகளுக்கு மனம் வரும்? கடைசியில் அவராகவே அவளைப் பார்த்துச் சிரித்தபடி நிறுத்தினார். அவள் கை அப்போதும் மேலேயே இருந்தது.

இப்போது அக்கா துபாயில் இருக்கிறாள். குழு கலைந்துவிட்டது, தேவாலயத்தில் போனிலிருந்து வரும் இசையோடு சேர்ந்து பாடுகிறார்கள், அது யாருக்காகவும் நிற்பதில்லை. அந்த இத்தாலியச் சொற்களை வீட்டில் யாரும் சொல்வதும் இல்லை. அப்பா இருக்கிறார், அந்த மட்டும் நிம்மதி. ஏதாவது வேண்டுமென்றால் மேசையை ஒரு விரலால் தட்டுவார், பக்கத்தில் இருந்தால்தான் கேட்கும்.

“கொஞ்சம் சத்தமாத்தான் தட்டுங்களேன்” என்று அம்மா அழுவாள்.